அண்ணன் பேசும் எண்கள்

ஆறு வருஷம் முன்பு வரை என் அண்ணன் கொச்சியில், மட்டாஞ்சேரியில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். எதிரே நிற்பவரோடு வாயடித்துக்கொண்டே, திரையைக்கூடப் பார்க்காமல் மலையாளத்தில் பக்கம் பக்கமாக அடிப்பான். ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டு நின்றவன் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தான். அன்றோடு வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும், பழைய கதையெல்லாம் ஞாபகம் இருக்கும், பதில் மட்டும் வாயிலிருந்து வராது. ஒரு முனகல்தான் வரும்.

அண்ணி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். மகள் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், புருஷனோடு அங்கேயே இருக்கிறாள். எனக்குக் கல்யாணம் நடந்து நாலே வருஷத்தில் முடிந்துபோனதால் நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு கடைக்கு நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணனை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன், அவ்வளவுதான்.

முதல் வருஷம் அவன் என்ன கேட்கிறான் என்று ஊகித்து ஊகித்தே நான் ஓய்ந்துபோனேன். தண்ணியா? இல்லை. ஃபேனா? இல்லை. முதுகு சொறியணுமா? அவன் கண்ணை மூடிக்கொள்வான். நான் தவறாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பலகையில் எழுதச் சொன்னோம். இடது கையால் எழுதினால் கோழி கிளறியது போல இருந்தது. மகள் ஃபோனில் ஏதோ போட்டுக் கொடுத்தாள். விரல் நடுங்கி ஒரு எழுத்துக்கு மூன்று எழுத்து விழுந்தது. இரண்டு முறை ஃபோனைத் தட்டிவிட்டுக் கீழே போட்டான்.

அப்போது அவன் முதலாளி, அலுவலகத்துக்குப் புதுசு வாங்கிவிட்டு, அண்ணன் உபயோகித்த பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். பொழுது போகட்டும் என்றுதான் அனுப்பினார். அதில் பழைய காலத்து ஆபீஸ் ப்ரோக்ராம் ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அண்ணன் அதில் ஒரு வித்தை வைத்திருந்தான். தப்பாக அடித்த சொல்லைத் தானாகத் திருத்தும் வசதி அதில் உண்டு. அதற்குள் அவன் இரண்டு எழுத்தைச் சேர்த்து வைத்திருப்பான். அந்த இரண்டையும் அடித்து இடைவெளி விட்டால், சொத்தின் நான்கு எல்லைகளையும் பற்றிய முழு வாசகமும் வந்து விழும். பத்திரத்துக்கு அது போதும். இப்போது அந்தப் பட்டியலில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, இடது கையின் ஒற்றை விரலால், இரண்டு மாதம் உட்கார்ந்து, தன் வாழ்க்கைக்கு வேண்டிய வாசகங்களை அதில் ஏற்றினான். எழுத்துக்குப் பதிலாக எண்கள். ஒன்று என்று அடித்தால் தண்ணி. இரண்டு என்றால் பாத்ரூம். மூன்று, திருப்பிப் படுக்க வை. பதினேழு, மீன்ல உப்பு போரா, அதாவது போதாது. இருபத்தாறு, இது சாயாவா, பாத்திரம் கழுவின தண்ணியா? நாற்பது, இந்த டாக்டருக்கு ஒண்ணும் அறியாது.

நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ். படித்தது மலையாளம். அம்மா வாங்கும் வாரப் பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டி நான் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டேன், அண்ணன் அந்தப் பக்கமே வரவில்லை. அதனால் என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் தமிழாகவே, ஆனால் மலையாள எழுத்தில் அடித்து வைத்தான். டாக்டரிடமும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸிடமும் பேச வேண்டியதை மலையாளத்திலேயே வைத்தான். பட்டியல் வருஷா வருஷம் நீண்டது. ஐந்தாவது வருஷம் இருநூறைத் தாண்டியது. எனக்கே முதல் அறுபது எழுபது எண்கள் மனப்பாடம். அவன் எண்ணை அடித்து இடைவெளி விடுவதற்குள் நான் எழுந்துவிடுவேன்.

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது நான்தான்.

விருச்சிக மாதத்தில், தமிழுக்குக் கார்த்திகையில், வேலியேற்றம் என்று கடல்நீர் ஏறும்போது காயல் பொங்கி, கால்வாய் வழியாக எங்கள் சந்துக்கு வரும். முன்பு வாசலோடு நிற்கும், இப்போது சில வருஷமாக அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அன்று காலை தண்ணீர் ஏறும்போது அண்ணனின் கட்டிலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினேன். அரிசி டின்னைத் தூக்கி வைத்தேன். கடைக்காரருடைய துணிக்கட்டுகளை மேசை மேல் அடுக்கினேன். அண்ணன் முனகிக்கொண்டே இருந்தான். "இரு, இரு, பாத்ரூம் பின்ன போலாம்" என்று சொல்லிக்கொண்டு வேலையில் இருந்தேன். அவன் பாத்ரூம் கேட்கவில்லை. மேசைக்கு அடியில், தரையில் நின்றிருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டியிருக்கிறான். நான் பார்த்தபோது பாதிப் பெட்டி உப்புத் தண்ணீரில் இருந்தது.

வெயிலில் காய வைத்தேன். அதற்குப் பிறகு அது உயிர் பெறவில்லை.

மகள் அந்த வாரமே புது லேப்டாப்போடு வந்தாள். நல்ல பெண். தன்னால் முடிந்ததில் சிறந்ததைத்தான் வாங்கியிருந்தாள்.

"அத்தை, இது புது சிப். ஃபோன்ல வர்ற மாதிரி. சூடாகாது, ஃபேன் சத்தமே கிடையாது. காலைல சார்ஜ் பண்ணினா ராத்திரி வரைக்கும் நிக்கும்."

ஆபீஸ் ப்ரோக்ராமும் அதிலேயே இருந்தது, புதுசு. அண்ணனின் இடது பக்கம் வைத்தோம். அவன் ஒன்று என்று அடித்து இடைவெளி விட்டான். ஒன்று, ஒன்றாகவே நின்றது. இரண்டு அடித்தான். அதுவும் அப்படியே நின்றது. திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வா என்றது. மகள் அதை மூடினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

"பரவாயில்லப்பா, நான் புதுசா எல்லாம் ஏத்தித் தர்றேன்" என்று அவளே உட்கார்ந்து மலையாள எழுத்தில் இருபது வாசகம் அடித்தாள். தண்ணி என்பதற்கு 'எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்' என்று அடித்தாள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். தானே ஒன்றைச் சேர்க்க முயன்றான். புதுக் கீபோர்டு முறையில் மலையாள எழுத்தெல்லாம் இடம் மாறி இருந்தது. இருபத்தைந்து வருஷம் பழகிய விரல் பழைய இடத்துக்கே போனது, திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள் வந்தன. பழைய சி.டி. வீட்டில் இருந்தது, அதைப் போட லேப்டாப்பில் இடமே இல்லை. மகள் போன பிறகு அண்ணன் இடது கையால் லேப்டாப்பை மூடினான். கொஞ்சம் பலமாகவே மூடினான்.

எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. "எத்தனை பேருக்கு இது கிடைக்கும்? பழசையே கட்டிக்கிட்டு அழு! நானும் ஆறு வருஷமா பழசையேதானே பண்ணிக்கிட்டு இருக்கேன். எனக்கு யாரு புதுசா வாங்கித் தரா?" என்று கத்தினேன். அடுத்த வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. கேட்டிருப்பார்கள்.

அவனுக்குப் பதில் சொல்ல ஒரு எண்கூட இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அடுத்த பத்து நாள் பழையபடி ஊகித்தேன். தண்ணியா? ஃபேனா? முதுகா? அவன் கண்ணை மூடுவான். முன்பு இதைச் செய்தபோது எனக்கு வயது ஆறு குறைவு. இப்போது முடியவில்லை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவனைத் திருப்பிப் போடுகிறவளுக்குப் பகலில் ஊகிக்கத் தெம்பு இருப்பதில்லை.

பழைய முதலாளியிடம் கேட்டேன். தேவராவில் ஒருவர் இருக்கிறார், கடற்படையில் டெக்னிக்கல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் பார்க்கிறார், பழசுக்கு அவர்தான் சரி என்றார். அண்ணனோடு பக்கத்து வீட்டுச் சேச்சியை இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு துணிப்பையில் லேப்டாப், இன்னொன்றில் தண்ணீர் புகுந்த பெட்டி, சி.டி. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தோப்பும்படியில் பஸ் மாறித் தேவரா போனேன்.

அவருக்கு அறுபது வயது இருக்கும். சில வருஷம் கோயம்புத்தூரில் இருந்தாராம், அதனால் என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். பழைய பெட்டியைத் திறந்து, பச்சை பூத்திருந்த சர்க்யூட் பலகையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இது கழிஞ்ஞு சேச்சி, இனி ஆகாது. பட்சே, டிஸ்க் மேல தட்டுல இருந்திருக்கு, தண்ணி அங்க எத்தல. அது ஒருவேளை பிழைக்கும்."

லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். "ஓ. இதுவா."

"இதுக்கு என்ன?"

"நல்ல சாதனம்தான். ஆனா இதோட ப்ராசசர் வேற வகை. உங்க பழைய ப்ரோக்ராம் பேசுற பாஷை இதுக்குத் தெரியாது. அதுக்காக உள்ளுக்குள்ள ஒரு பெயர்ப்பு ஏற்பாடு வச்சிருக்கான். பழசு ஒண்ணு சொன்னா, இவன் பாஷையில மாத்திச் சொல்லும். பதுக்கெ, மெதுவாத்தான் ஓடும். ஓடினா பாக்கியம்."

"ஓடலேன்னா?"

"ஓடலேன்னா சேச்சி புதுசைப் பழகணும்."

"பழக வேண்டியது நான் இல்ல" என்றேன். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "லிஸ்ட் எத்தன இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சி.டி.யைத் தனி டிரைவில் போட்டு லேப்டாப்போடு இணைத்து ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி செய்தார். அதே இடத்தில் நின்றது. சி.டி.யில் கீறல் இருக்கிறது, அதையும் நகல் எடுத்துப் பார்க்கணும், வச்சிட்டுப் போங்க என்றார். மூன்று நாள் கழித்து இரண்டாம் தடவை போனேன். ப்ரோக்ராம் திறந்தது. பழைய சாம்பல் நிறப் பட்டையும், பழைய சின்னச் சின்னப் படங்களும் அப்படியே இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒரு சாம்பல் பட்டைக்கு. அவர் ஒன்று அடித்து இடைவெளி விட்டார். ஒன்று, ஒன்றாகவே நின்றது. பட்டியல் இல்லை.

"அது பழைய டிஸ்க்ல எங்கயோ ஒளிஞ்சிருக்கும். தேடணும். இன்னொரு விஷயம். மலையாளம் அடிக்க ஒரு சின்ன ப்ரோக்ராம் வச்சிருந்தார் இல்லையா, அது இதுல ஏறாது. அது கீபோர்டுக்கு அடியில போய் உட்கார வேண்டிய சாதனம். அந்த ஆழத்துல பெயர்ப்பு வேலை நடக்காது."

"அப்படின்னா?"

"பட்டியல் கிடைச்சா பழைய வாக்கியமெல்லாம் வரும். புதுசா மலையாளத்துல எழுத முடியாது. தற்போதைக்கு."

மூன்றாம் தடவை போன அன்று நல்ல மழை. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன். யாரோ பெண் என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், தோப்பும்படியில் தட்டி எழுப்பினாள். தேவராவில் இறங்கி நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் சிரித்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

"கிட்டி. பாருங்க."

பட்டியலைத் திறந்து காட்டினார். எண்களுக்கு எதிரே ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாக இருந்தது. "இங்க இப்படித்தான் தெரியும். அது பழைய ஃபான்ட். பேஜுக்குக் கொண்டு வந்தாதான் மலையாளமாகும்" என்று சொல்லி, வெற்றுப் பக்கத்தில் ஒன்று என்று அடித்தார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று மறைந்து, தண்ணி வந்தது.

அவர் வரிசையாக அடித்துப் படிக்க ஆரம்பித்தார். எழுத்து மலையாளம், பேச்சு எங்கள் வீட்டுத் தமிழ். அண்ணனின் வாசகங்களை அவர் மலையாள ராகத்தில் இழுத்து இழுத்துப் படித்தார். மீன்ல உப்பு போரா என்றதும் நான் சிரித்துவிட்டேன். பாத்திரம் கழுவின தண்ணியா என்றதும் அவரும் சிரித்தார். அண்ணனின் குரல் வேறொருவர் வாய் வழியாக வந்த மாதிரி இருந்தது. ஐந்து வருஷமாக நான் அவனைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டதில்லை.

"முன்னாடி உள்ளது சரி. கடைசி வரைக்கும் வந்திருக்கான்னு பார்க்கலாம். எது கடைசி?"

"தெரியல. இருநூறுக்கு மேல."

அவர் பட்டியலின் அடிக்குப் போனார். இருநூற்றுப் பதினாலு. அதை அடித்தார். தலையணை உறை மாத்து, வாசனை வருது. இருநூற்றுப் பதிமூன்று. நர்ஸிடம், போன முறை தந்த மருந்து வயிற்றுக்குச் சேரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டை அடித்துவிட்டு அவர் படிக்கவில்லை.

"என்ன?"

"இது நர்ஸ் சிஸ்டருக்கு உள்ளதாக்கும்" என்றார். திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பினார். "ஓக்கே. எல்லாம் வந்திருக்கு."

"படிங்க."

"சேச்சி, இது…"

"படிங்க."

அவர் படித்தார். இப்போது இழுக்காமல், மெதுவாகப் படித்தார். மலையாளத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'சிஸ்டர், எனக்கு வேறு ஒரு இடம் பார்த்துக் கொடுங்கள். எந்த இடமானாலும் சரி. அவளிடம் சொல்ல வேண்டாம். அவள் உறங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது.'

இதை நான் பலரிடம் சொல்லவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. தலைச்சுமையை யாரோ பின்னாலிருந்து தூக்கிக்கொண்ட மாதிரி கழுத்து லேசாக இருந்தது. அவன் போகிறான், நான் படுக்கப் போகிறேன், ஒரு நாள் முழுக்க. மூச்சு ஒன்று விடும் நேரம்தான் அது. அதற்குப் பிறகு கோபம் வந்தது, அவன் மேலும் என் மேலும். அழுகை எல்லாவற்றுக்கும் பிறகு, பஸ்ஸில் வந்தது.

அந்த மனிதர் உள்ளே போய் ஒரு சாயா கொண்டு வந்து வைத்துவிட்டு, வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடித்து முடிக்கும் வரை திரும்பவில்லை.

வீட்டில் அண்ணனைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். லேப்டாப்பைப் பலகையில் வைத்துத் திறந்தேன். சாம்பல் பட்டையைப் பார்த்ததும் அவன் இடது பக்க உதடு கோணி மேலே போனது. அதுதான் அவன் சிரிப்பு. ஒன்று அடித்தான். தாமதமாகத் தண்ணி வந்தது. அந்தத் தாமதம் அவனுக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தான். தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன். குடித்தான்.

பக்கத்து வீட்டுச் சேச்சி போனதும் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நானே இருநூற்றுப் பன்னிரண்டு என்று அடித்தேன்.

வாக்கியம் வந்தது. அவன் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணை மூடினான்.

"இப்ப கண்ண மூடாதே. நான் ஒண்ணும் தப்பா ஊகிக்கல. எப்ப எழுதின இத?"

அவன் விரல் எண்களின் மேல் நின்றது. இதற்குப் பதில் பட்டியலில் இல்லை. புதுசாக மலையாளத்தில் அடிக்கவும் வழியில்லை. பிறகு ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க ஆரம்பித்தான். என்னிடம் அப்படி அவன் எழுதியதே இல்லை, எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு எழுத்தாக நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

போன வருஷம், என்று வந்தது.

"சிஸ்டர்கிட்ட காட்டினியா?"

மூணு தடவ.

"அவங்க என்ன சொன்னாங்க?"

உன்கிட்ட பேசச் சொன்னாங்க.

"ஏன் பேசல?"

அவன் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். நான் எழுந்து போய்விடலாம் என்று இருந்தேன், எழுந்திருக்கத் தெம்பில்லாததால் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, அங்க அவரு படிச்சதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஒரு நிமிஷம். நீ போயிருவேன்னு." இதைச் சொல்லும்போது அவன் செத்துப்போன வலது கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குத் தெரியாது என்பதால் இருக்கலாம்.

அவன் அடித்தது: எனக்குத் தெரியும். அதுக்குத்தான் எழுதினேன்.

"உனக்குப் போகணுமா?"

இல்ல.

"பின்ன?"

இந்த முறை வெகுநேரம் எடுத்தது. எழுத்து தப்பாக விழுந்தது, அழித்து அடித்தான். நீ அன்னைக்குக் கத்தின, நல்லது, முன்னாடியே கத்தியிருக்கணும், என்று வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அடுத்த வாரம் நர்ஸ் வந்தபோது அவரிடம் நானே கேட்டேன். அவர் தயங்காமல், "அண்ணன் காட்டும்போதெல்லாம் எனக்குச் சங்கடமா இருக்கும். நீங்க கேட்பீங்கன்னு காத்திருந்தேன்" என்றார். நிரந்தரமாகத் தங்கும் இடங்களில் அண்ணன் மாதிரி படுக்கையில் கிடப்பவரை எடுப்பது கஷ்டம். எடுத்தாலும் தூரத்தில்தான் கிடைக்கும். ஆனால் பக்கத்தில் ஒரு பகல் வீடு இருக்கிறது, காலையில் கொண்டுபோய் விட்டால் சாயந்திரம் கூட்டி வரலாம், வாரத்தில் மூன்று நாள் முடியும் என்றார். இது முன்பே இருந்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் களைத்துக்கொண்டிருந்தோம், யாரும் கேட்கவில்லை.

மகளிடம் சொன்னபோது ஃபோனில் அழுதாள். "அத்தை, உங்களுக்கு முடியலேன்னு ஏன் சொல்லல?" என்றாள். சனிக்கிழமைகளில் அவள் வந்து அப்பாவைக் குளிப்பாட்டுவதாகச் சொன்னாள். பெரும்பாலும் வருகிறாள்.

முதல் நாள் அண்ணனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து இரண்டு நைட்டிக்குக் கழுத்து வைத்தேன். கட்டிலின் காலி விரிப்பைப் பார்த்தால் யாரோ இறந்த வீடு மாதிரி இருந்தது, அதனால் அதை மடித்து வைத்தேன். பிறகு தரையிலேயே, மெஷின் பக்கத்தில், ஒரு துணிக்கட்டில் தலை வைத்துச் சாய்ந்தேன். விழித்தபோது ஆட்டோக்காரர் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பழைய ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒருமுறை லேப்டாப் தானாக ஏதோ புதுப்பித்துக்கொண்டதில், பழைய ஆபீஸ் திறக்கவே மாட்டேன் என்றது. மறுபடி தேவரா. அவர் ஏதோ ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டு, இனிமேல் 'அப்டேட்' என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். புது மலையாளக் கீபோர்டு முறையை அண்ணன் பழகிக்கொண்டிருக்கிறான். பகல் வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார், அவருடன் சண்டை போட அவனுக்குப் புது வாக்கியங்கள் தேவைப்படுகின்றன. அங்கே கஞ்சியில் உப்பே இல்லை என்று தினமும் புகார். புதுசாக எழுதியவை ஒரு எழுத்திலும் பழசு வேறொரு எழுத்திலும் திரையில் ஒட்டாமல் நிற்கும். படிக்கிறவர்களுக்குக் கண் வலிக்கும். அவன் அதைச் சட்டை செய்வதில்லை.

"இது எத்தன காலம் ஓடும்?" என்று போன தடவை தேவராக்காரரிடம் கேட்டேன்.

"ஓடுற வரைக்கும் ஓடும் சேச்சி. இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பெயர்ப்பு ஏற்பாட்டையே எடுத்துட்டாலும் எடுத்துடுவான். அப்ப நான் இருந்தா பார்க்கலாம்."

அவருக்கும் முட்டி வலி. எழுந்து நிற்க மேசையைப் பிடித்தார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. நாலு மணிக்கு அண்ணன் வருவான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதனால் வீடு வரை தூங்கிக்கொண்டு வந்தேன்.